51-ஆம் டிவிஷன் ரீல்: ஒரு நடனத்துக்குப் பட்டாளத்தின் எண் பெயரான கதை

கேள்வி இது: "எடின்பரோவில் ஒரு ஸ்காட்டிஷ் நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். 'ரீல் ஆஃப் தி ஃபிஃப்டி ஃபர்ஸ்ட் டிவிஷன்' என்று அறிவித்ததும் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். நடனத்துக்குப் போய் ஏன் பட்டாளத்தின் பெயர்? போர்க்கைதிகள் உருவாக்கியது என்றும், ஜெர்மானியர்கள் அதை ரகசியக் குறியீடு என்று சந்தேகப்பட்டார்கள் என்றும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். உண்மையா?"

சுருக்கமான பதில்: ஆமாம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் அடைபட்டிருந்த ஸ்காட்லாந்து ராணுவ அதிகாரிகள் முகாமுக்குள் உருவாக்கிய நடனம்தான் இது. அந்த அதிகாரிகளின் படைப்பிரிவு 51-ஆம் ஹைலண்ட் டிவிஷன் (ஹைலண்ட் என்பது ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி). பெயருக்கான அர்த்தத்தை வரலாற்றுப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை, ஆட்டத்துக்குள்ளேயே அதை வரைந்து வைத்திருக்கிறார்கள். எங்கே என்று கீழே சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாக வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போய் ஆடுகிறேன். எனக்கு மிகப் பிடித்த நடனம் இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், இந்த நடனங்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம். ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் என்பது ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று ஜோடிகளாக ஆடுவது. வேகமான ரீல், துள்ளலான ஜிக், நிதானமான ஸ்ட்ராத்ஸ்பே என்று மூன்று வகை. ஆயிரக்கணக்கான நடனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெரும்பாலும் அந்தப் பெயருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. மெட்டின் பெயர் நடனத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு பிரபுவின் பெயர், ஒரு ஊரின் பெயர். 'டியூக் ஆஃப் பெர்த்' ஆடும்போது எந்தப் பிரபுவும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

அபூர்வமாகச் சில நடனங்களில் பெயரே அசைவாக மாறியிருக்கும். நியூசிலாந்துக்காரர் பாரி ஸ்கெல்டன் அமைத்த 'பெலோரஸ் ஜாக்' அப்படி ஒன்று. 1888 முதல் 1912 வரை குக் நீரிணைப் பக்கம் கப்பல்களோடு கூடவே நீந்தி வந்த ஒரு டால்பினின் பெயர் அது. 1904-இல் சட்டம் போட்டே அதைப் பாதுகாத்தார்கள். அந்த நடனத்தில் ஒருவர் பின் ஒருவராக ஜோடி ஒட்டிக்கொண்டே வளைந்து போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார். கப்பலும் டால்பினும்தான். ஆடும் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். 51-ஆம் டிவிஷன் ரீலும் இந்த அபூர்வ வகைதான், ஆனால் அதற்குள் இருப்பது வேறு மாதிரியான கதை.

சரி, 51 என்ற எண்ணுக்கு வருவோம். ஹைலண்ட் டிவிஷன் 1908-இல் உருவானது. முழுநேரச் சிப்பாய்கள் அல்ல, ஊரில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுக்கும் உள்ளூர்க்காரர்களின் படை. முதல் உலகப் போரில், 1915 மே மாதம் பிரான்சுக்குப் போனபோதுதான் 51 என்ற எண் வந்தது. 1916 நவம்பர் 13-ஆம் தேதி சோம் போர்முனையில் போமோன் அமெல் என்ற கிராமத்தைப் பிடித்தது இவர்கள்தான். கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை அணிந்த சிப்பாயின் சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு சொந்த வட்டாரம் இருந்தது. பிளாக் வாட்ச், சீஃபோர்த், கேமரன், கார்டன், ஆர்கைல் என்று ரெஜிமென்டின் பெயரைச் சொன்னாலே ஆள் எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரிந்துவிடும். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், அண்ணன் தம்பிகள் ஒரே அணியில் நின்றார்கள். அதனால் அந்தப் பிரிவுக்கு ஒரு அடி விழுந்தால் ஒரு வட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் இழவுச் செய்தி வரும். 1940 ஜூனில் நடந்தது அதுதான்.

டன்கர்க் கதை எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் படை சூழ்ந்த அந்த பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரைக் கப்பலிலும் படகிலும் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதே நேரத்தில் 51-ஆம் டிவிஷன் டன்கர்க்குக்குப் பக்கத்திலேயே இல்லை. ஜெர்மன் எல்லையை ஒட்டி பிரான்ஸ் கட்டியிருந்த மஜினோ அரண்வரிசைப் பக்கம், பிரெஞ்சுத் தலைமையின் கீழ் அனுப்பப்பட்டிருந்தது. ஜெர்மன் படை நடுவில் புகுந்ததும் மற்ற பிரிட்டிஷ் படைகளோடு தொடர்பு அறுந்துவிட்டது. சுற்றிவந்து சோம் நதிப் பக்கம் நின்றார்கள். ஜூன் 5-ஆம் தேதி அங்கே பெரிய தாக்குதல். ஃபிரான்லூ என்ற கிராமத்தில் 7-ஆம் ஆர்கைல் பட்டாலியன் சிதைந்துபோனது. இந்தப் பட்டாலியனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நடனத்தை அமைத்தவர் அதைச் சேர்ந்தவர்.

மீதிப் பேர் கடற்கரைப் பக்கம் பின்வாங்கினார்கள். லு ஆவ்ர் துறைமுகத்துக்குப் போகலாம் என்று பார்த்தால், ஜெர்மன் தளபதி ரோம்மலின் டாங்கிகள் குறுக்கே வந்து வழியை அடைத்துவிட்டன. கடைசியில் ஒதுங்கிய இடம் சான் வலெரி ஆன் கோ என்ற சின்ன மீன்பிடித் துறைமுகம். இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, நடுவில் குறுகலான ஊர். ஜூன் 11 இரவு கப்பல்கள் வந்து ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். அன்றைக்குப் பார்த்துக் கடலில் மூடுபனி. பாறைகளின் மேல் ஜெர்மன் பீரங்கிகள் வேறு. கப்பல்களால் துறைமுகத்தை நெருங்க முடியவில்லை. சிலர் துப்பாக்கி வார்களை முடிந்து கயிறாக்கிப் பாறையிலிருந்து இறங்கப் பார்த்தார்கள், அதில் விழுந்து செத்தவர்கள் உண்டு. சில மைல் தள்ளி வூல் லே ரோஸ் கடற்கரையிலிருந்து சுமார் 2,000 பிரிட்டிஷ் வீரர்கள் தப்பினார்கள். மற்றவர்களுக்கு விடிந்தபோது குண்டும் இல்லை, சோறும் இல்லை. ஜூன் 12 காலையில் டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூன் ரோம்மலிடம் சரணடைந்தார். 10,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதிகள் ஆனார்கள்.

டன்கர்க்கில் தப்பியவர்களை நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது, ஹைலண்ட் வீடுகளிலோ மகன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் காத்திருந்தார்கள். பிரான்சோடு உள்ள கூட்டணி முறிந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பிள்ளைகளைப் பலி கொடுத்துவிட்டார்கள் என்ற மனக்குறை ஸ்காட்லாந்தில் இன்றும் உண்டு. அது எவ்வளவு நியாயம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. எனக்குத் தெரிந்து, அந்த வலி விவாதத்தால் தீரக்கூடியது அல்ல.

கைதிகளை வடக்கு பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக நாள்கணக்கில் நடத்திக்கொண்டு போனார்கள். ஜூன் வெயில், சாலையோரத்தில் கிடைத்ததைத் தின்றுகொண்டு நடை. அப்புறம் ரைன் நதியில் சரக்குப் படகுகள், அப்புறம் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகள். அதிகாரிகள் பலர் போய்ச் சேர்ந்த இடம் பவேரியாவில் உள்ள லாஃபன். சால்ஸாக் ஆற்றங்கரையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஒரு காலத்தில் சால்ஸ்பர்க் பேராயர்களின் அரண்மனையாக இருந்த கட்டடம். ஜெர்மன் ராணுவக் கணக்கில் அதன் பெயர் ஓஃப்லாக் ஏழு சி (ஓஃப்லாக் என்றால் அதிகாரிகளுக்கான கைதி முகாம்). பெயர் அரண்மனை, உள்ளே நெரிசலும் பசியும்.

அந்த இடத்தில்தான் 7-ஆம் ஆர்கைல் பட்டாலியனின் லெஃப்டினன்ட் ஜிம்மி அட்கின்சன் மனதில் இந்த நடனம் உருவானது. அவருக்குக் கைகொடுத்தவர்கள் இருவர். ஒருவர் சீஃபோர்த் ரெஜிமென்டின் லெஃப்டினன்ட் பீட்டர் ஆலிவர். இன்னொருவர் லெஃப்டினன்ட் கர்னல் டாம் ஹாரிஸ் ஹண்டர், போருக்கு முன் பெர்த் நகரில் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கத்தின் கிளைத் தலைவராக இருந்தவர். அதாவது, ஏதோ பொழுது போகாமல் குதித்த ஆட்டம் இல்லை இது. நடன இலக்கணம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, அசைவு அசைவாகக் கோத்துச் செதுக்கிய வேலை. முகாமில் பெண்கள் கிடையாது. எல்லா இடங்களிலும் ஆண்களே நின்று ஆடினார்கள். அதனால்தான் இன்றும் சிலர் இதை ஆண்கள் மட்டுமே ஆடும் வடிவத்தில் ஆடுவதுண்டு.

இப்போது ஆட்டத்தையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பெயரின் அர்த்தம் இருப்பது இங்கேதான். சேர்ந்து ஆடும் ஒரு குழுவில் நான்கு ஜோடிகள், ஒரு சுற்றில் ஆடுவது மூன்று ஜோடிகள். ஒரு சுற்றுக்கு 32 பார் (பார் என்பது இசையின் தாள அளவு), அதாவது எட்டு எட்டாக நான்கு பகுதி.

முதல் எட்டு: முதல் ஜோடி நின்ற இடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக் காலால் இசைக்கு மரியாதை செய்வதுபோல் அடி வைக்கும், இதற்கு 'செட்' செய்வது என்று பெயர். பிறகு இருவரும் வரிசைக்கு வெளிப்பக்கமாகத் திரும்பி இரண்டு இடம் கீழே இறங்கி, கை கோத்து நடுவழியாக மேலே வருவார்கள். வந்து நடுவில் முதுகோடு முதுகாக நிற்பார்கள். இப்போது அவர்களைச் சுற்றி நான்கு மூலையிலும் நான்கு பேர்.

இரண்டாவது எட்டு: நடுவில் இருப்பவர்கள் தங்கள் வலப்பக்க மூலையில் இருப்பவருக்கு செட் செய்து, வலக்கை கொடுத்துச் சுற்றுவார்கள். சுற்றி முடிக்கும்போது அந்த வலக்கையை விடக் கூடாது. இடக்கையால் நடுவில் தன் ஜோடியின் கையைப் பிடிக்க வேண்டும். சட்டென்று நான்கு பேர் ஒரே கோட்டில் நிற்பார்கள், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக. ஒருவர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தபடி, அந்தக் கோட்டில் நின்றே ஒரு முறை செட் செய்வார்கள்.

மூன்றாவது எட்டு: ஜோடி நடுவில் சுற்றிக்கொண்டு இடப்பக்க மூலைகளுக்குப் போகும். அதே மாதிரி செட், அதே மாதிரி சுற்று, மறுபடியும் நான்கு பேர் கோடு. ஆனால் இந்த முறை கோடு மறு திசையில் சாய்ந்திருக்கும்.

இரண்டு கோட்டையும் மனதுக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெருக்கல் குறி. ஸ்காட்லாந்துக் கொடியில் நீல நிறத்துக்குக் குறுக்கே வெள்ளையாக இருக்கும் அதே குறி. அந்த நாட்டின் காவல் புனிதர் ஆண்ட்ரூவைச் சாய்ந்த சிலுவையில் அறைந்தார்கள் என்பது மரபுக்கதை, அதிலிருந்து வந்த சின்னம் அது. கொடியை ஏற்ற முடியாத ஓர் இடத்தில், கம்பிவேலிக்குள், தங்கள் உடம்பையே கொடியாக விரித்திருக்கிறார்கள். பெயரில் படைப்பிரிவு, ஆட்டத்தில் அந்தப் படைப்பிரிவின் நாடு.

கோட்டில் நிற்கும் அந்த இரண்டு பாரை முதல் தடவை ஆடியபோது எனக்கு ஒன்று புரிந்தது. கைகள் தளர்ந்திருந்தால் கோடு நிற்காது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் லேசாக இழுத்துப் பிடித்தால்தான் வளையாமல் நேராக நிற்கும். வலக்கையில் ஒருவரின் பாரம், இடக்கையில் இன்னொருவரின் பாரம். மூலையில் நிற்பவருக்கு ஒரு கைதான் பிடிமானம், அவர் சறுக்கினால் மற்ற மூவருக்கும் உடனே தெரிந்துவிடும். எங்கள் ஆசிரியை கற்றுக்கொடுக்கும்போது வாயால் எதையும் விளக்கவில்லை, கையை இறுக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

நான்காவது எட்டில் ஆறு பேரும் கை கோத்து வட்டமாக இடப்பக்கம் போய், திரும்பி வருவார்கள். எல்லா நடனத்திலும் வரும் சாதாரண வட்டம்தான். ஆனால் இந்த நடனத்தில் அந்த வட்டம் வரும்போதெல்லாம், சிலுவைக்குத் தனித்தனியாக நான்கு நான்கு பேராகப் பிரிந்தவர்கள் எல்லோரும் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அமைத்தவர்கள் அப்படி நினைத்துத்தான் வைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை, இது என் மனதில் பட்டது.

அடுத்தது அந்த ரகசியக் குறியீட்டு விஷயம். அட்கின்சன் நடனக் குறிப்பை வீட்டுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார், அது தணிக்கையில் மாட்டியது, ஜெர்மன் உளவுத்துறை அதைக் குறியீடு என்று நினைத்து உடைக்கப் பார்த்தது என்பது நடன வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. உளவுத்துறை அதற்காக எத்தனை நாள் உட்கார்ந்தது என்பதெல்லாம் சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்திருக்கும் என்பதை நம்புவதற்குக் கஷ்டமே இல்லை. ஒரு நடனக் குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? "1-8: 1 செட், 2 இடம் கீழே, நடுவில் மேலே. 9-16: முதல் மூலை வலக்கை, சாய்வு வரிசை. 17-24: இரண்டாம் மூலை, அதேபோல். 25-32: 6 பேர் வட்டம், போய்த் திரும்பு." போர்க்கைதியாக இருக்கும் ராணுவ அதிகாரி ஒருவர் இதை எழுதி அனுப்பினால், நடனமே தெரியாத தணிக்கைக்காரர் வேறு என்ன நினைப்பார்?

நடனம் ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்தது. ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்ற இரு பெண்கள் 1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கம்தான் இந்த நடனங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டுவந்தது. பின்னால் 1951-இல் அதற்கு 'ராயல்' பட்டமும் கிடைத்தது. பழைய அச்சுப் புத்தகங்களிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் மறைந்து கிடந்தவற்றை மீட்பதுதான் சங்கத்தின் முதல் வேலை, புதிதாக அமைத்த நடனங்களுக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்காது. ஆனால் 1945-இல் வந்த 13-ஆம் புத்தகத்தில், போர் முடிந்ததைக் கொண்டாடி 'வெற்றிப் புத்தகம்' என்று அழைக்கப்பட்ட தொகுப்பில், முகாமில் பிறந்த இந்த நடனத்தைச் சேர்த்தார்கள். இப்போது உலகத்தில் எங்கெல்லாம் ஸ்காட்டிஷ் நடன வகுப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் இது தெரியும். புதிய நடனங்களை ஏற்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு கதவு திறந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெயரைப் பற்றி இன்னொன்று கவனியுங்கள். அதில் சான் வலெரி இல்லை, லாஃபன் இல்லை. தோற்ற ஊரும் அடைபட்ட ஊரும் வராமல், படைப்பிரிவின் எண் மட்டும் நிற்கிறது. அந்த எண்ணுக்கு 1940-க்குப் பிறகும் ஒரு வாழ்க்கை இருந்தது. பிடிபட்ட பிரிவுக்குப் பதிலாக ஸ்காட்லாந்திலேயே இருந்த 9-ஆம் ஹைலண்ட் டிவிஷனுக்கு 51 என்ற எண்ணைக் கொடுத்துப் புதிதாக எழுப்பினார்கள். அவர்கள் 1942-இல் எகிப்தின் எல் அலமைனில் சண்டையிட்டார்கள். போகிற வழியெல்லாம் ஹெச் டி (ஹைலண்ட் டிவிஷன்) என்ற தங்கள் சின்னத்தை வரைந்து வைத்ததால், 'நெடுஞ்சாலை அலங்காரக்காரர்கள்' என்று மற்றப் படையினர் பட்டப்பெயரே வைத்தார்கள்.

1944 செப்டம்பர் 2-ஆம் தேதி அதே 51-ஆம் டிவிஷன் சான் வலெரிக்குள் திரும்ப நுழைந்தது. அப்போதைய தளபதி தாமஸ் ரென்னி 1940-இல் அங்கே பிடிபட்டு, சில நாட்களிலேயே தப்பியவர். 1940 ஜூனில் எந்த பிரிகேடு எங்கே நின்றதோ, ஏறக்குறைய அதே இடங்களில் தன் ஆட்களை நிறுத்தினார். ஊருக்குள் பேக்பைப் இசை முழங்கியது. அந்த நாளைப் பற்றிப் படித்த பிறகு, நடனத்தின் கடைசி வட்டத்தை ஆடும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ரென்னி 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடக்கும் சண்டையில் இறந்துபோனார். ஃபார்ச்சூன் முகாமில் பக்கவாதம் வந்தும், தன்னை மட்டும் ஊருக்கு அனுப்ப வேண்டாம் என்று மறுத்து, கடைசிவரை தன் ஆட்களோடு இருந்தார்.

அடுத்த தடவை இந்த நடனம் அறிவிக்கப்பட்டால், இசைக்குழுவினர் 'தி டிரங்கன் பைப்பர்' என்ற மெட்டில் தொடங்குவார்கள். முழு நடனமும் நாலரை நிமிடத்துக்கு மேல் போகாது. கீழே நின்று பார்த்தால் ஆட்கள் ஓடுவதுதான் தெரியும். மண்டபத்தில் மாடி இருந்தால் ஏறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாற்காலி மேலாவது நில்லுங்கள். முதல் எட்டை விட்டுவிடுங்கள். இரண்டாவது எட்டில் நான்கு பேர் கை கோத்துச் சாய்வாக நிற்கும் கோட்டைப் பாருங்கள், கண்ணை எடுக்காமல் மூன்றாவது எட்டில் மறு சாய்வு வரும்வரை அதே இடத்தைப் பாருங்கள். ஒரு சுற்றில் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கவலை வேண்டாம், மொத்தம் எட்டுச் சுற்று உண்டு.